பெற்றோல் தாங்கியும் லயத்து அடுப்பும்



பதுளையிலிருந்து பசறைக்கும், ஹாலிஎல வழியாகப் பண்டாரவளைக்கும் செல்லும் பாதைகளில் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரவும் பகலும் நின்ற வாகன வரிசைகளை ஊவா மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாயிற்று. அம்மாதக் கடைசியில், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்ற அறிவித்தல் வந்தது. பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்து, கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதலாந் திகதி அம்முறை நிறுத்தப்பட்டது.

இந்தத் துன்பகாலம் மக்களுக்கு ஒரு புதிய வித்தையைக் கற்பித்துவிட்டுப் போயிற்று. கான்களிலும் போத்தல்களிலும் எரிபொருள் தருவது நிறுத்தப்பட்டபோது, வண்டியின் தாங்கியே கொள்கலனாயிற்று. நிலையத்திலே தாங்கியை நிரப்புவது, வீட்டுக்கு வந்து இரப்பர்க் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இறக்குவது, மீண்டும் வரிசையில் நிற்பது. அதுகாறும் கராஜ்காரருக்கு மட்டுமே தெரிந்திருந்த இவ்வேலை இஸ்தோப்பு வேலையாக மாறியது. வரிசைகள் மறைந்துவிட்டன, ஆனால் பழகிய கை எளிதில் மறப்பதில்லை. கராஜுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த எண்ணி, வீட்டிலேயே வண்டியைத் திருத்த முற்படுவோர் தோட்டங்களில் இன்று பலர். அவர்களுள் ஒருவர் தாங்கியை இறக்கும் நாளில், அவருடைய குடும்பம் மாத்திரமன்றி, அதே கூரையின் கீழ் வாழும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களும் அவருடைய நிதானத்தை நம்பியிருக்கின்றன.

தாங்கியிலுள்ள பெற்றோலை ஏன் இறக்கவேண்டியிருக்கிறது? காரணங்கள் பல. நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் பெற்றோல் பழசாகிப் பிசின் கட்டும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் மூடியின் வழியே நீர் இறங்கும். நீர் பெற்றோலிலும் கனமானது. ஆகையால் அது அடியில் தங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். அந்தத் துரு ஒருநாள் ஊசிமுனை அளவு துளையாகிக் கசியத் தொடங்கும். அவசரத்துக்குச் சவர்க்காரக் கட்டியை அத்துளையின்மேல் அழுத்தித் தேய்த்துக் கசிவை நிறுத்துவது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய கைமருந்து. நகரம் போய்ச் சேரும்வரை அது தாங்கும். அதனையே மாதக்கணக்கில் நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது. பெற்றோல் வண்டிக்குத் தவறுதலாக டீசல் அடித்துவிட்டாலும் தாங்கியை இறக்கியே ஆகவேண்டும். இயந்திரத்தை முடுக்கிப் பார்க்கவே கூடாது.

பழைய மொறிஸ் மைனர் கார்கள் ஊவாவில் இன்னமும் ஓடுகின்றன. அவற்றின் தாங்கி பின்புறப் பெட்டியின் அடியில் இருக்கும். அதன் கீழ்ப்பக்கத்தில் திருகாணி ஒன்றும் உண்டு. அதனைக் கழற்றினால் பெற்றோல் தானே இறங்கிவிடும். முச்சக்கரவண்டியிலோ தாங்கியின் அடியில் ஒரு குழாய்த் திருகி இருக்கிறது. அதனோடு பூட்டிய இரப்பர்க் குழாயைக் கழற்றி வழியவிடலாம். பிற்காலத்துக் கார்கள் இப்படி எளியனவல்ல. அவற்றின் தாங்கி பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. நிரப்பும் வாயிலே குழாய் உள்ளே போகாதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். பம்பி தாங்கிக்குள்ளேயே அமிழ்ந்திருந்து அமுக்கத்தோடு பெற்றோலை அனுப்பும். அந்த அமுக்கத்தைத் தணிக்காமல் குழாயைக் கழற்றினால் பெற்றோல் முகத்திலே பீறிட்டு அடிக்கும். இவ்வகைக் காரை வீட்டில் வைத்து இறக்க முயலாமல் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நன்று.

உண்மையில், தாங்கியை வெறுமையாக்க மிகப் பத்திரமான கருவி வண்டியின் இயந்திரமே. தாங்கியில் கசிவு இல்லை, பெற்றோலும் பழுதில்லை என்றால், திருத்தவேண்டிய நாளை நான்கு நாள் தள்ளிவைத்து, ஓடி ஓடித் தீர்க்கலாம். அரை லீற்றரோ ஒரு லீற்றரோ மிஞ்சும்போது இறக்குவது, இருபது லீற்றரை இறக்குவதினும் எவ்வளவோ சிறிய வேலை. இந்த எளிய வழி பலருக்குத் தோன்றாமற் போவது வியப்பே.

இனிப் பெற்றோலின் இயல்பைச் சற்று ஆராய்வோம். எரிவது பெற்றோல் அன்று, அதன் ஆவியே. மண்ணெண்ணெயின் மேல் நெருப்புப் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி எழ வேண்டுமானால், அது ஏறத்தாழ 38 பாகை சதமளவுக்குச் சூடாகவேண்டும்; டீசலுக்கு 50 பாகைக்கும் மேலே வேண்டும். பெற்றோலுக்கோ, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அது போதிய ஆவியை எழுப்பிக்கொண்டிருக்கும். “இங்கே குளிர்தானே, இதற்கு ஒன்றும் ஆகாது” என்று அப்புத்தளையிலும் வெலிமடையிலும் சிலர் சொல்வதுண்டு. மனிதருக்குப் போர்வை தேவைப்படும் குளிர் பெற்றோலுக்குக் குளிரே அன்று. மண்ணெண்ணெய் விளக்கோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய தோட்டத்து மக்கள், அதே பழக்கத்தைப் பெற்றோலிடத்தும் காட்டுவதுதான் ஆபத்துக்கு வேர்.

அந்த ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. புகையைப் போல மேலே எழாது. நீரைப் போலத் தரையோடு ஊர்ந்து பள்ளத்தை நாடும். காற்றிலே நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை அது கலந்திருந்தால் தீப்பொறி ஒன்றே போதும். இதனைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 180 லீற்றர் ஆவி கிடைக்கும். அது காற்றோடு கலந்து வெடிக்கக்கூடிய கலவையாகும்போது சுமார் 12 கனமீற்றர் இடத்தை நிரப்பும். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள ஒரு லயத்துக் காம்பராவின் கொள்ளளவு 27 கனமீற்றர். இரண்டு லீற்றருக்குச் சற்று அதிகமான பெற்றோல், ஒரு முழுக் காம்பராவையும் வெடிமருந்துப் பெட்டியாக்கப் போதுமானது. ஆனால் காம்பரா முழுவதும் நிரம்பும் வரை அது காத்திருப்பதில்லை. அடுப்பின் உயரம் வரை ஆவி நின்றாலே போதும். தோட்டத்து அடுப்போ பெரும்பாலும் தரைமட்டத்தில்தான் இருக்கிறது.

லயங்கள் கட்டப்பட்டிருக்கும் முறையையும் நோக்கவேண்டும். மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகள் அமைந்திருக்கின்றன. மேல் லயத்தின் முற்றத்தையும் கீழ் லயத்தின் பின்புறத்தையும் மழைநீர் ஓடும் கான் ஒன்று இணைக்கும். தோட்டத்து வழக்கில் நீரோடும் வாய்க்காலும் கான், எண்ணெய் ஏந்தும் தகரக் கொள்கலனும் கான். இரண்டு கான்களும் ஒரே பெயர் கொண்டிருப்பது தற்செயலே. ஆயினும் ஒன்றில் சிந்தியது மற்றொன்றின் வழியாகப் பயணம் செய்வதில் தற்செயல் எதுவும் இல்லை. மேல் முற்றத்தில் சிந்திய பெற்றோலின் ஆவி கான் வழியே இறங்கி, கீழ் வீட்டில் இரவு உணவுக்கு விறகு மூட்டும் பெண்ணின் அடுப்பைச் சென்றடையலாம். பற்றிய தீ வந்த வழியே திரும்பி ஓடி, மேலே நிற்பவனையும் சேரும். கூரைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருப்பதால் ஒரு வீட்டில் மூண்ட தீ அந்த வரிசை முழுவதையும் விழுங்கிய செய்திகளை மலையகம் பலமுறை கேட்டிருக்கிறது. அவற்றுட் பல மின்னொழுக்கால் நேர்ந்தவை. தீக்கு அந்த வேறுபாடு தெரியாது. தோட்டப் பாதையின் குண்டு குழிகளைக் கடந்து தீயணைப்பு வண்டி மேலே வந்து சேர்வதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை அங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது வாயால் உறிஞ்சும் வழக்கம். உயர்ந்த இடத்திலுள்ள திரவம், வளைந்த குழாய் நிறைந்திருந்தால், தன்னினும் தாழ்ந்த இடத்துக்குத் தானே ஏறி இறங்கி ஓடும். குன்றுக்கு அப்பாலுள்ள ஊற்றிலிருந்து இரப்பர்க் குழாயில் பீலிக்கு நீர் கொண்டுவரும் தோட்டத்து இளைஞர்களுக்கு இது பழக்கமான செய்தி. அலெக்சாந்திரியாவின் ஹீரோ இதனைத் தம் நூலில் விரித்து எழுதியிருக்கிறார். நம் நாட்டிலும், தெதிகமையில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கிலே, யானையின் வயிற்றில் நிறைத்த எண்ணெய் அகலில் குறையக் குறையத் தானே இறங்கிவந்து நிரப்பும்படி காற்றின் அமுக்கத்தைக் கொண்டு சிற்பி அமைத்திருக்கிறான். எண்ணெயை வாய்வைக்காமல் நடத்தும் வழி எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் தெரிந்திருந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

பெற்றோலை வாயால் உறிஞ்சுபவன் அதனை விழுங்கிவிடுவான் என்றே பலரும் அஞ்சுகின்றனர். விழுங்குவதினும் கொடியது அது சுவாசப்பைக்குள் செல்வது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் நீரைப் போலத் திரளாதவை; மெல்லிய படலமாகப் பரவும் இயல்புடையவை. இருமும்போது சில துளிகள் மூச்சுக்குழாயில் இறங்கினால் அவை சுவாசப்பையின் உட்புறத்தைப் படலமாக மூடி அழற்சியை உண்டாக்கும். இருமலும் மூச்சுத்திணறலும் காய்ச்சலும் சில மணித்தியாலங்களின் பின்னரே தோன்றக்கூடும். அதனால்தான், விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. உப்புநீரோ புளிக்கரைசலோ கொடுக்கக் கூடாது. வாந்தியோடு அது இரண்டாம் முறையும் தொண்டையைக் கடந்து, மூச்சுக்குழாய்க்குள் நுழைய வாய்ப்புப் பெறும். நிமிர்ந்து உட்காரவைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். பழைய சாரதிகள், “காலமெல்லாம் உறிஞ்சினோம், என்ன ஆயிற்று?” என்று கேட்பதுண்டு. 2002 வரை இந்நாட்டுப் பெற்றோலில் ஈயமும் கலந்திருந்தது. அவர்கள் உறிஞ்சியது அதனையுஞ் சேர்த்துத்தான். தப்பியவர்கள் மட்டுமே அந்தக் கேள்வியைக் கேட்க இருக்கிறார்கள் என்பதும் ஒரு விடை.

கையால் அழுத்தி இயக்கும் இரப்பர்ப் பம்பி கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. பகல் வேளையில், காற்றோட்டமான வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் குறைந்தது ஐம்பது அடி தூரத்தில், வீடுகளுக்குக் கீழ்ப்புறமாக உள்ள சமதரையில் வண்டியை நிறுத்தவேண்டும். வீடுகளுக்கு மேலே நிறுத்தலாகாது என்பதற்குக் காரணம் முன்னரே கூறப்பட்டது. இயந்திரமும் புகைக்குழாயும் நன்றாக ஆறியிருக்கவேண்டும். தாங்கியின் மூடியைத் திறப்பதற்கு முன்பே, பற்றரியில் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் கம்பியைக் கழற்றிவிடவேண்டும். மூடியைத் திறந்தபின் கழற்றினால், அவ்வேளை தெறிக்கும் சிறு பொறி எதற்காகக் காத்திருக்கிறதோ அது கிடைத்துவிடும். ஏந்தும் கான் தரையிலே இருக்கவேண்டும். வண்டிக்குள்ளோ, இருக்கையின் மேலோ, பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ வைக்கக் கூடாது. பெற்றோல் குழாயினூடே ஓடும்போதும் உயரத்திலிருந்து விழும்போதும் நிலைமின் சேர்கிறது. தரையோடு தொடர்பு இருந்தால் அது கசிந்து போகும். இல்லாவிட்டால் ஒருநேரத்தில் பொறியாகப் பாயும். குழாயின் நுனி கானின் அடிவரை செல்லட்டும், ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். கானை விளிம்புவரை நிரப்பாமல், வெயிலில் விரிவதற்கு இடம் விடவேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொள்வது அவசியம். தண்ணீர் வாளியினால் பயனில்லை. எரியும் பெற்றோல் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு அது போகுமிடமெல்லாம் தானும் போகும். சிறுவர்களை வேடிக்கை பார்க்க விடக்கூடாது. புகைப்பவர்களையும் அவ்வாறே, ஆனால் சிறுவர்களை விரட்டுவது எளிது.

இறக்கியாயிற்று, இனித் தாங்கி வெறுமை, ஆபத்து நீங்கிற்று என்று எண்ணும் அந்த நேரத்தில்தான் மெய்யான ஆபத்து தொடங்குகிறது. நிறைந்த தாங்கிக்குள் ஆவி மிகுதி, காற்றுக் குறைவு. அக்கலவை எளிதில் எரியாது. வெறுந் தாங்கிக்குள் காற்றும் ஆவியும் எரிவதற்கு ஏற்ற அளவில் கலந்து நிற்கும். இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 என்னும் போயிங் 747 விமானம் சில நிமிடங்களில் வானிலேயே வெடித்துச் சிதறி, அதிலிருந்த 230 பேரும் மாண்டனர். குண்டு வைக்கப்பட்டதென்றும் ஏவுகணை தாக்கியதென்றும் பலவாறு பேசப்பட்டது. நான்கு ஆண்டு விசாரணையின் பின்னர், ஏறத்தாழ வெறுமையாக இருந்த நடுத் தாங்கியில் சூடேறித் தேங்கிய எரிபொருள் ஆவி பற்றியதே காரணம் என்று 2000ஆம் ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவுகூறியது. அத்தனை பெரிய விமானத்தைப் பிளந்தது, அடியில் மிஞ்சியிருந்த சிறு எரிபொருளின் ஆவி. அதுவும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது, பெற்றோல் அன்று.

ஆகவே, பெற்றோல் இருந்த தாங்கியை வீட்டில் வைத்து வெல்டிங் செய்வதோ, ஈயம் பற்றவைப்பதோ, துளையிடும் மின்கருவியை அதன்மேல் ஓட்டுவதோ எக்காரணங் கொண்டும் கூடாது. கழுவி வெயிலில் காயவைத்ததால் மட்டும் அது தூய்மையாகிவிடாது. துருவின் இடுக்குகளிலும் தகட்டின் மடிப்புகளிலும் ஒட்டியிருப்பது, சூடு பட்டவுடன் மீண்டும் ஆவியாக எழும். தேர்ந்த தொழிலாளர் கொதிநீராவியை நெடுநேரம் செலுத்திக் கழுவி, பின்னர் பற்றவைக்கும் இடத்தைத் தவிர மற்றப் பகுதி முழுவதையும் நீரால் நிரப்பியே வேலை தொடங்குவர். அவர்கள் கேட்கும் கூலி அதிகமென்று முணுமுணுப்பவர்கள், அந்தக் கூலியில் எவ்வளவு நீர் கொதிக்கவைக்கப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இறக்கிய பெற்றோலை எங்கே வைப்பது? காம்பராவுக்குள் வைக்கலாகாது, கட்டிலின் கீழ் வைக்கவே கூடாது. 2022இல் விலையையும் தட்டுப்பாட்டையும் அஞ்சிப் பலர் அவ்வாறு வைத்தனர். திருடருக்கு அஞ்சித் தீயோடு உறங்கிய காலம் அது. குளிர்பானப் போத்தலில் ஊற்றிவைப்பது மற்றொரு பெருந்தவறு. தவழும் குழந்தைகள் மண்ணெண்ணெயைக் குடித்து வைத்தியசாலைக்கு வருவது இந்நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் விபத்து. நிறமும் போத்தலும் பழக்கமானவையாக இருக்கும்போது, எழுத்தறியாத பிள்ளைக்கு எதைக் கொண்டு வேறுபாடு தெரியும்? இறுக மூடக்கூடிய, அதற்கென்றே செய்த கானில் ஊற்றி, வெளியே நிழலில், பூட்டிய தனிக்கொட்டிலில் வைக்கவேண்டும். வேலை முடிந்ததும் காலந்தாழ்த்தாது தாங்கிக்கே திருப்பிவிடவேண்டும்.

நீர் கலந்தோ பழசாகியோ உதவாமற் போன பெற்றோலைச் சிலர் கானிலே கவிழ்த்துவிடுகின்றனர். அந்தக் கான் ஓடையிற் சேரும்; ஓடை பதுளு ஓயாவிற் சேரும்; பதுளு ஓயா துன்ஹிந்தையில் விழுந்து மகாவலிக்குப் போகும். வழியிலே எத்தனை பீலிகள், எத்தனை குளிக்குமிடங்கள்! நீர் கலந்த பெற்றோலைக் கண்ணாடிக் கலத்தில் சிறிது எடுத்து அசையாமல் வைத்தால் நீர் அடியில் பிரிந்து நிற்பதைக் காணலாம். அவ்வாறே கானையும் ஒரு நாள் தெளியவிட்டு, மேலிருப்பதை மட்டும் பம்பியால் மெல்ல எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளலாம். அப்படி மீட்டதைக் காரில் ஊற்றத் தயங்குபவர்கள், நல்ல பெற்றோலோடு சிறிது சிறிதாகக் கலந்து புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பயன்படுத்தலாம். தேயிலை மலைகளில் இப்போது அவ்வியந்திரத்துக்குக் குறைவில்லை. அடியில் எஞ்சும் துருநீரை மட்டும் மூடிய தகரத்தில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்கும் கராஜில் ஒப்படைத்துவிடலாம்.